சுண்டெலி இதயத்தில் ரத்தநாளக் கசிவை எவன்ஸ் ப்ளூ சாயம் கொண்டு அளத்தல்

எவன்ஸ் ப்ளூ முறையைத் தாளில் படித்தால் நான்கு வரிதான். சாயத்தைச் சிரையில் செலுத்த வேண்டும், அரை மணி நேரம் ஓட விட வேண்டும், ரத்தத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும், திசுவிலிருந்து சாயத்தைப் பிரித்து, 620 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். தோலிலும் நுரையீரலிலும் இந்த நான்கு வரி பெரும்பாலும் போதும். இதயத்தில் போதாது. மற்ற உறுப்புகளைக் கழுவ இதயத்தில்தான் ஊசி குத்துகிறோம். இங்கே அளக்க வேண்டியதே அந்த இதயம். ஆரோக்கியமான இதயத்தில் கசிவும் மிகக் குறைவு. நாளங்களுக்குள் தங்கிவிட்ட கொஞ்சம் பிளாஸ்மாவே கசிந்த சாயத்துக்குச் சமமான எண்ணைக் கொடுத்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 25 கிராம் எலிக்கு ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் சாயம் செலுத்தினால் 0.75 மில்லிகிராம். எலியின் பிளாஸ்மா ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். அரை மணி நேரம் கழித்துப் பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 600 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழுவிய பிறகும் இதய நாளங்களில் வெறும் 2 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா தங்கினால் அதிலேயே 1.2 மைக்ரோகிராம் சாயம் இருக்கிறது. கீழறைகள் இரண்டும் சேர்ந்து 115 மில்லிகிராம் எடையுள்ள ஓர் இதயத்தில் அது சிறிய பிழை அல்ல. அதனால் இந்தப் பதிவின் மிக நீண்ட பகுதி கழுவலைப் பற்றியது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, மயக்க மருந்து, வலிநீக்கம் ஆகியவை அனுமதித்த திட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கீழே சொல்லும் எதுவும் அதற்கு மாற்று அல்ல.

சாயமும் அளவும்

எவன்ஸ் ப்ளூ மூலக்கூறின் எடை 961 டால்டன். தனியே இருந்தால் நாளச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும். ரத்தத்தில் அது ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால்தான் 66 கிலோடால்டன் புரதத்தின் கசிவுக்கு அடையாளமாக நிற்கிறது. முன்பு மனிதர்களின் பிளாஸ்மா அளவைக் கணக்கிட டி-1824 என்ற பெயரில் இதைப் பயன்படுத்தியதற்கும் இந்தப் பிடிப்புதான் காரணம்.

பல இடங்களில் 2% கரைசலை ஒரு கிலோவுக்கு 4 மில்லிலிட்டர் என்று கொடுக்கிறார்கள். அதாவது கிலோவுக்கு 80 மில்லிகிராம். இதயத்துக்கு இது அதிகம் என்பது எங்கள் கருத்து. எலிப் பிளாஸ்மாவில் ஆல்புமின் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், அதாவது 0.45 மைக்ரோமோல். 80 மில்லிகிராம் கொடுத்தால் ஓர் ஆல்புமினுக்கு நான்கைந்து சாய மூலக்கூறுகள் வரும். 30 மில்லிகிராமில் இரண்டுக்கும் குறைவு. சாயம் கூடக் கூட, பிடிபடாமல் திரியும் பங்கும் கூடும். அப்போது அளப்பது ஆல்புமின் கசிவு அல்ல, சின்ன மூலக்கூறின் கசிவு. நிறம் பளிச்சென்று தெரிகிறதே என்பதற்காக அளவை ஏற்றக் கூடாது. நிறம் போதாவிட்டால் ஒளிர்வில் அளக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

1% கரைசல் செய்ய 0.9% சலைனில் கரைக்கவும். புட்டியில் சாயப் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். பொடி முழுவதும் சாயம் அல்ல. அந்தச் சதவீதத்தைக் கணக்கில் சேர்த்து எடை போடவும். கரைத்ததும் செண்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தவும். வடிகட்டிச் சவ்வு முதலில் சாயத்தை உறிஞ்சும் என்பதால் முதல் அரை மில்லிலிட்டரைக் கொட்டிவிடலாம். வடிகட்டாத கரைசலில் கரையாத துகள்கள் நுண்நாளங்களில் சிக்கி, கசிவு போலவே நீலப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு சோதனைத் தொடர் முழுவதையும் ஒரே புட்டியில் முடிப்பது நல்லது. அளவீட்டுக் கோடு (தெரிந்த செறிவுகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டுக் கோடு) வரையவும் அதே புட்டிதான்.

ஊசி

வால் பக்கச் சிரையில், 29 அல்லது 30 கேஜ் ஊசியில், கிலோவுக்கு 3 மில்லிலிட்டர். 25 கிராம் எலிக்கு 75 மைக்ரோலிட்டர். அன்று காலை எடுத்த எடையைக் கொண்டு ஒவ்வோர் எலிக்கும் தனித்தனியே கணக்கிடவும். வாலை 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் சிரை விரியும். பத்து, பதினைந்து விநாடி எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும்.

சரியாக ஏறினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் காது, பாதம், மூக்கு நுனி நீலமாகும். குத்திய இடத்தைச் சுற்றி வாலில் நீலத் திட்டு எழுந்தால் சாயத்தின் ஒரு பகுதி சிரைக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். எவ்வளவு போனது என்று ஊகித்துத் திருத்தக் கூடாது. அந்த எலியைத் தொடரிலிருந்து நீக்கும் விதியை முதல் ஊசிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் நீக்க விதிக்கு மதிப்பில்லை.

ஓடும் நேரம் 30 நிமிடம். கைக்கடிகாரத்தை நம்பாமல், ஊசி நேரத்தையும் கழுவல் தொடங்கிய நேரத்தையும் விநாடி வரை குறிக்கவும். இந்த அரை மணி நேரம் எலி மயக்கத்தில் இருந்தால் ரத்த அழுத்தம் குறையும், இதயத்துக்குள் ஓடும் ரத்தமும் மாறும், கசிவும் மாறும். மயக்க மருந்தின் வகை, அளவு, உடல் வெப்பம் மூன்றும் எல்லாக் குழுக்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஐசோஃப்ளூரேன், இன்னொன்றுக்குக் கெட்டமைன்-சைலசின் என்று கலந்தால், வரும் வித்தியாசம் மருந்துடையதா நோயுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது.

கழுவல்

பரவலான வழி, இடது கீழறை நுனியில் ஊசி குத்தி, வலது மேலறையை வெட்டிவிட்டு உப்புக் கரைசலை ஓட்டுவது. கல்லீரலும் சிறுநீரகமும் இதில் நன்றாக வெளுக்கும். இதயம் மட்டும் திட்டுத்திட்டாக நீலம் பிடித்து நிற்கும். ஊசி குத்திய தசை கிழிகிறது, கீழறை ஊதுகிறது, ஊதிய சுவர் தன் நுண்நாளங்களையே நசுக்குகிறது. அழுத்தமும் கட்டுக்குள் இல்லை.

இதயத்தை அளப்பதானால் பெருந்தமனி வழியாகப் பின்னோக்கி ஓட்டுவதுதான் சரி. திரவம் பெருந்தமனி வால்வை மூடிவிடும். வேறு வழியில்லாமல் கரோனரித் தமனிகளுக்குள் போகும். தந்துகிகளைக் கடந்து வலது மேலறை வழியாக வெளியே வரும். லாங்கண்டார்ஃப் முறையில் இதயத்தைத் தொங்கவிடும் அதே ஏற்பாடுதான். தனிக் கருவி வேண்டாம். உயரத்தில் ஒரு புட்டி, வெந்நீர்ச் சுருள், குமிழிப் பொறி, பெருந்தமனிக்குள் செருகும் மெல்லிய குழாயான கேன்யுலா இருந்தால் போதும். கேன்யுலா நுனிக்கும் புட்டியில் உள்ள திரவ மட்டத்துக்கும் 109 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வைத்தால் 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கும்.

திரவத்தின் விஷயத்தில் கவனம் தேவை. கால்சியம் இல்லாத பி.பி.எஸ் (பாஸ்பேட் சேர்த்த உப்புக் கரைசல்) வேண்டாம். நாள உட்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று கோர்த்திருக்கும் வி.இ.-கேடெரின் என்ற புரதம் கால்சியம் இருந்தால்தான் பிடித்து நிற்கும். கால்சியம் இல்லாத திரவத்தில் ஐந்து பத்து நிமிடம் கழுவினால், அளக்க வந்த தடையை நாமே தளர்த்திவிடுகிறோம். பி.பி.எஸ்ஸில் கால்சியத்தைச் சேர்த்துச் சூடாக்கினாலோ பாஸ்பேட்டுடன் சேர்ந்து கலங்கி, நுண்துகள்கள் தந்துகிகளை அடைக்கும். அதனால் பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் சேர்த்த கரைசல். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 7.01 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.49 கிராம், இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 0.147 கிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மக்னீசியம் குளோரைடு 0.203 கிராம், குளுக்கோஸ் 1.80 கிராம், ஹெப்பெஸ் 2.38 கிராம். 37 டிகிரியில் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு பி.எச். 7.4 ஆக்கி, 0.45 மைக்ரானில் வடிகட்டி, ஹெப்பாரின் 10,000 யூனிட் சேர்க்கவும்.

பொட்டாசியம் 20 மில்லிமோலாக ஏற்றியிருப்பது வேண்டுமென்றே. அது இதயத்தைத் தளர்ந்த நிலையில் நிறுத்தும். துடித்துக்கொண்டோ இறுகியோ இருக்கும் இதயத்தின் தசை நாளங்களை அமுக்குவதால் உட்சுவரை ஒட்டிய அடுக்கு கழுவப்படாமலே போகும். குளிர்ந்த திரவத்தை ஓட்டினாலும் அதே தொல்லைதான், நாளங்கள் சுருங்கிவிடும்.

அறுக்கப் பத்து நிமிடம் முன்னர் வயிற்றறையில் ஹெப்பாரின் 100 யூனிட். ஆழ்ந்த மயக்கத்தை உறுதி செய்த பிறகு, மார்பைத் திறக்கும் முன் கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து 100 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுக்கவும். பிளாஸ்மாவின் சாய அளவு இதிலிருந்துதான் வரும். இதை விட்டுவிட்டால் பிறகு எங்கிருந்தும் கிடைக்காது. இதயத்தை வெட்டி, பனிக்குளிர்ந்த அதே கரைசலில் போட்டு, பெருந்தமனியை 20 கேஜ் முனை மழுங்கிய எஃகுக் கேன்யுலாவில் ஏற்றி, 6-0 பட்டு நூலால் கட்டவும். வெட்டியதிலிருந்து ஓட்டம் தொடங்கும் வரை மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான இதயங்கள் கெடுகின்றன. கேன்யுலா ஆழமாகப் போய் வால்வைத் தாண்டினால் இடது கீழறை பந்து போல ஊதும், மேற்பரப்பு நீலம் மாறாது. வால்வைத் தாண்டாமல் கரோனரி வாயில்களை மட்டும் அடைத்தால் ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் கீழே விழும். பெருந்தமனி கிழிந்திருந்தால் ஓட்டம் தாராளமாகத் தெரியும், இதயம் மட்டும் இருட்டாகவே இருக்கும். ஒரு காற்றுக் குமிழி போனால், அது அடைத்த கிளையின் கீழே முக்கோண வடிவில் ஒரு பகுதி கழுவப்படாமல் நிற்கும். அதைக் கசிவுத் திட்டு என்று எண்ணி ஏமாறுவது எளிது. சரியாக அமைந்த இதயத்தில் ஓட்டம் நிமிடத்துக்கு 2 முதல் 4 மில்லிலிட்டர். முதல் அரை நிமிடத்திலேயே மேற்பரப்பு நாளங்கள் வெளுக்கும்.

மொத்தம் 10 மில்லிலிட்டர் ஓட்டவும். வெளிவரும் திரவத்தை ஒரு மில்லிலிட்டர் வீதம் பத்துக் குழாய்களில் பிடித்து 620 நானோமீட்டரில் படிக்கவும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது. முதல் மூன்று குழாய்களில் சாயம் சடசடவென்று இறங்கும், பிறகு நீண்ட வால் போல மெல்லத் தேயும். அந்த வால் பகுதியில் வெளிவருவது நாளத்தில் தங்கிய பிளாஸ்மா மட்டும் அல்ல. திசுவுக்குள் கசிந்திருந்த சாயமும் கொஞ்சம் திரும்பி வரத் தொடங்குகிறது. ஆகவே முழுக்கத் தெளியும்வரை கழுவுவோம் என்று ஒரு இதயத்துக்கு 10, இன்னொன்றுக்கு 25 மில்லிலிட்டர் ஓட்டக் கூடாது. அளவை நிலையாக வைத்து, கடைசி இரண்டு குழாய்களின் அளவு புதிய கரைசலுக்கு அருகில் வராத இதயத்தை நீக்கிவிடவும்.

இன்னொன்று. புரதம் இல்லாத கரைசல் ஓடும்போது திசு நீரை வாங்கி வீங்கும். கழுவிய இதயத்தின் ஈர எடையை வைத்து வீக்கம் உண்டா இல்லையா என்று பேச முடியாது. நீர்க்கோவை அளக்க வேண்டுமானால் கழுவாத தனி இதயங்கள் தேவை.

உலர்த்தி எடை போடுதல்

மேலறைகள், பெருந்தமனி வேர், கொழுப்பு, உறையின் எச்சம் எல்லாவற்றையும் உருப்பெருக்கியின் கீழ் வெட்டி நீக்கவும். பெருந்தமனி வேரும் வால்வு இதழ்களும் சாயத்தை அதிகமாகப் பிடிப்பவை. ஒரு மில்லிமீட்டர் வளையம் தங்கினாலும் எண் ஏறும். வெட்டும் எல்லை எல்லா இதயத்திலும் ஒன்றாக இருக்கட்டும். எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் வெட்டினால் இன்னும் நல்லது.

கீழறைகளைத் திறந்து, வடிதாளில் ஒற்றி, ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, முன்பே எடை போட்ட 2 மில்லிலிட்டர் பாலிப்ரொப்பிலீன் குழாயில் போடவும். மூடியைத் திறந்து வைத்து 60 டிகிரியில் 24 மணி நேரம். எடை போட்டு, இன்னும் நான்கு மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை. இரண்டும் ஒன்றானால் உலர்ந்துவிட்டது.

ஈரத் திசுவையே நேராக ஃபார்மமைடில் போட்டால் ஒரு நாள் மிச்சமாகும் என்று தோன்றும். 115 மில்லிகிராம் ஈரத் திசுவில் ஏறத்தாழ 88 மைக்ரோலிட்டர் நீர். 500 மைக்ரோலிட்டர் ஃபார்மமைடு 588 ஆகிவிடும். சாயச் செறிவு 15% குறையும். வீங்கிய இதயத்தில் இன்னும் குறையும். அதோடு, வீங்கிய திசுவின் எடையால் வகுத்தால் கசிவு எங்கே அதிகமோ அங்கேயே எண் சிறுத்துத் தெரியும். நோயுற்ற குழுவின் கசிவை மறைத்துவிடும் பிழை இது. உலர் எடையால் வகுத்தால் இரண்டு தொல்லையும் ஒரே அடியில் தீரும்.

பிரித்தெடுத்தல்

ஃபார்மமைடு கருவைப் பாதிக்கும் நச்சு. ஃப்யூம் ஹூடுக்குள், நைட்ரைல் கையுறையுடன் மட்டும். உலர்ந்த திசு மேல் 500 மைக்ரோலிட்டர் ஊற்றி, மூடியை இறுக்கி, 60 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கவும். நடுவில் மூன்று நான்கு முறை குலுக்கவும். திரவம் கொழகொழப்பானது, பிப்பெட்டை மெதுவாக அழுத்தி, நுனியில் ஒட்டியது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஒவ்வொரு முறையும் குறைவாகவே ஏறும்.

முதல் தொடரில் நான்கைந்து இதயங்களுக்கு இரண்டாம் முறையும் புதிய ஃபார்மமைடு ஊற்றிப் பார்க்கவும். முதலில் வந்த சாயத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுபடி வந்தால் துண்டு பெரிது அல்லது நேரம் போதவில்லை. பிறகு 16,000 ஜி விசையில் 20 நிமிடம் சுற்றி, அடியைக் கலக்காமல் மேலிருந்து 200 மைக்ரோலிட்டர் வீதம் அளவீட்டுத் தட்டின் இரண்டு குழிகளில் இடவும். குழியில் குமிழி இருந்தால் ஊசி நுனியால் உடைக்கவும். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஃபார்மமைடு உறைந்துவிடும். அது 2 அல்லது 3 டிகிரியிலேயே கட்டியாகும். இருட்டில், அறை வெப்பத்தில் வைத்து அன்றே படித்து முடிக்கவும்.

படித்தல்

அளவீட்டுக் கோடு ஃபார்மமைடிலேயே வரைய வேண்டும்: மில்லிலிட்டருக்கு 0, 0.25, 0.5, 1, 2, 4, 8 மைக்ரோகிராம். நீரில் வரைந்த கோடு செல்லாது; உச்ச அலைநீளமே இடம் மாறும். பிளாஸ்மாவை 5 மைக்ரோலிட்டர் எடுத்து 995 மைக்ரோலிட்டர் ஃபார்மமைடில் கலந்தால் 200 மடங்கு நீர்த்து, கோட்டின் நடுவில் வந்து விழும்.

620-ஐயும் 740-ஐயும் சேர்த்துப் படிக்கவும். 740-இல் சாயம் உறிஞ்சாது. அங்கே தெரிவது கலங்கலும் ஹீம் (ஹீமோகுளோபின், மையோகுளோபின் போன்றவற்றின் இரும்புப் பகுதி) நிறமும். நுரையீரல் அளவீட்டில் பரவலாகப் பயன்படும் திருத்தம் ஒன்று உண்டு: 740 எண்ணை 1.426-ஆல் பெருக்கி, 0.030 கூட்டி, அதை 620 எண்ணிலிருந்து கழிப்பது. அந்த எண்களை அப்படியே இதயத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத் தசை நிறைய மையோகுளோபின் உண்டு. அது செல்லுக்குள் இருப்பதால் எவ்வளவு கழுவினாலும் போகாது. ஆக்சிஜனேற்றமடைந்த மையோகுளோபின் 630 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், அதாவது சாயத்தின் தோளோடு தோள் உரசி. ஆகவே சாயம் கொடுக்காத ஐந்தாறு இதயங்களை இதே வழியில் கழுவி, உலர்த்தி, பிரித்து, அவற்றின் 620, 740 எண்களிலிருந்து உங்கள் கருவிக்கான திருத்தத்தை வரையவும். நோய்க் குழுவுக்கும் சாயமற்ற இதயங்கள் தனியே வேண்டும். தழும்பேறிய இதயத்தில் மையோகுளோபினும் குறைவு.

200 மைக்ரோலிட்டர் குழியில் ஒளிப்பாதை ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான். ஆரோக்கிய இதயங்களின் எண் கோட்டின் அடியில் முட்டி நின்றால் ஒளிர்வுக்கு மாறவும்: 620-இல் தூண்டி 680-இல் படித்தல், கறுப்புத் தட்டு. செறிவு கூடினால் சாயம் தன் ஒளிர்வைத் தானே விழுங்கும். கோடு வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே நிற்கும்படி நீர்க்கவும்.

கணக்கு இப்படி. பிரித்த திரவத்தில் மில்லிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம் என்றால், 500 மைக்ரோலிட்டரில் 1.2 மைக்ரோகிராம். பிளாஸ்மாவில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.6 மைக்ரோகிராம் என்றால், அது 2.0 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்குச் சமம். உலர் எடை 26 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் உலர் திசுவுக்கு, 30 நிமிடத்தில், 77 மைக்ரோலிட்டர். ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று மட்டும் எழுதுவதை விட இது நேர்மையான எண். ஊசியில் ஏற்பட்ட சிறு ஏற்றத்தாழ்வும், குழுக்களிடையே உள்ள பிளாஸ்மா அளவு வித்தியாசமும் இதில் சமன் ஆகிவிடுகின்றன.

இதிலிருந்து இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். மூன்று நான்கு எலிகளுக்கு முன்பே ஹெப்பாரின் கொடுத்துவிட்டு, சாயம் செலுத்திய இரண்டே நிமிடத்தில் இதயத்தை எடுத்துக் கழுவவும். அதற்குள் கசிந்திருப்பது சொற்பம். அந்த இதயங்களில் தெரியும் சாயம் பெரும்பாலும் கழுவலில் தப்பியது. இந்த இரண்டு நிமிட இதயங்கள் இல்லாமல் எந்த எண்ணையும் நாங்கள் நம்புவதில்லை. அந்த எண் அரை மணி எண்ணில் பாதியாக வந்தால், சரிசெய்ய வேண்டியது கேன்யுலாவை, புள்ளியியலை அல்ல.

மாரடைப்பு மாதிரிகளில்

கரோனரித் தமனியைக் கட்டிய இதயங்களில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, கட்டு இன்னும் இறுகி இருந்தால் அந்தப் பகுதிக்குச் சாயமே போகாது. அங்கே நீலம் இல்லாதது நாளம் உறுதியாக இருப்பதால் அல்ல, ரத்தம் வராததால். ஆபத்துப் பகுதியின் (கட்டால் ரத்தம் தடைபட்ட பகுதியின்) எல்லையை, உயிருள்ள தசையைச் சிவப்பாக்கும் டி.டி.சி. சாயத்துடன் சேர்த்துக் காட்ட எவன்ஸ் ப்ளூவைப் பயன்படுத்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். ஒரே எலியில் அதையும் கசிவையும் சேர்த்து அளக்க முடியாது. கட்டை அவிழ்த்த பிறகும் நுண்நாளங்கள் அடைபட்ட இடங்களில் இதே தொல்லை இருக்கும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. சவ்வு கிழிந்த தசைச் செல் எவன்ஸ் ப்ளூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதம் இல்லாத எலிகளில் சேதமடைந்த தசை நார்களைக் கண்டுபிடிக்க இதே சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இறந்த தசை உள்ள இதயத்தில் ஃபார்மமைடு எண் இரண்டையும் கூட்டிச் சொல்கிறது: நாளத்திலிருந்து வெளியேறியதையும், செல்லுக்குள் தேங்கியதையும். ஓடும் நேரத்தை 30 நிமிடத்தில் நிறுத்தினால் இரண்டாவது பங்கு குறையும், மறையாது.

பிரித்துப் பார்க்க ஒரே வழி வெட்டுப்படலம். குழுவுக்கு மூன்று இதயங்களைக் கழுவிய கையோடு உறைய வைத்து, 8 முதல் 10 மைக்ரான் படலங்களாக வெட்டி, குளிர்ந்த அசிட்டோனில் பத்து நிமிடம் நிலைப்படுத்தவும். செல் எல்லையைக் காட்டப் பச்சை நிற ஒளிர் லெக்டின் (செல் பரப்பின் சர்க்கரைகளைப் பற்றும் புரதம்) போட்டு, எவன்ஸ் ப்ளூவைத் தொலைசிவப்பில் பார்க்கவும். செல்களுக்கு இடையே வலை போலப் படர்ந்திருந்தால் கசிவு. செல் வட்டத்துக்குள் நிரம்பியிருந்தால் இறந்த தசை. நீரில் நெடுநேரம் அலசினால் சாயம் இடம்பெயர்ந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும். லெக்டினை இருபது நிமிடத்துக்குள் முடித்து, ஒரே ஒருமுறை அலசி, அன்றே படம் எடுக்க வேண்டும்.